தப்பைக் கண்டால் துடிக்கும் விரல்

ஊர்ப் பெயரின் எழுத்துப் பிழையில் தொடங்கி மராட்டிய வரலாறு வரை, அடுத்தவர் தவறைத் திருத்தாமல் தூங்க முடியாதவர்கள் பெருகிவிட்டார்கள். திருத்தப்பட்டவர்கள் திருந்துகிறார்களா?

முதலில் பெயரிலிருந்தே சண்டை. மராத்தியில் அது வானவடி. ஆங்கிலேயர் காதில் 'டி' என்ற ஒலி 'ரி'யாக விழ, ஆங்கிலப் பலகைகளில் வானவ்ரி ஆயிற்று. புணேயின் இன்னொரு பக்கம் இருக்கும் கட்கி, கிர்க்கி ஆனதும் இதே காதால்தான். இன்று கடைப் பலகை, வங்கிக் கிளை, வீட்டு விளம்பரம் என்று எதைப் பார்த்தாலும் ஆங்கிலத்தில் வானவ்ரி, வானோரி, வானவாடி என்று ஆளுக்கொரு பெயர். ஊர் என்னவோ ஒன்றுதான். புணேயின் தென்கிழக்கே ராணுவக் குடியிருப்புகளை ஒட்டி, ராணுவ மருத்துவமனை, அடுக்குமாடிகள், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் வீடுகள், இந்தியாவின் எல்லா மாநிலத்திலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்று கலந்து கிடக்கும் பகுதி.

இரவு 11 மணி. அங்கே ஏதோ ஒரு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகக் குடிவந்த ஒருவர் ஊர்ப் பெயரைத் தனக்குத் தெரிந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்டது என்னவோ தண்ணீர் லாரி நாளை எத்தனை மணிக்கு வரும் என்றுதான். லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் பதில், பெயரைத் திருத்துகிறது. இரண்டாவது பதில், திருத்தத்தைத் திருத்துகிறது. மூன்றாமவர் பெயருக்குச் சொற்பிறப்பு சொல்கிறார். நள்ளிரவுக்குள் விவகாரம் பேஷ்வாக்கள் காலத்துக்குப் போய்விடும். குழுவில் உள்ள மற்ற எண்பது பேரும் ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த எண்பது பேர்தான் முக்கியம். திண்ணையில் இருவர் வாதாடினால் ஒருவர் தோற்றதாக ஒப்புக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொள்ள முடியும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது முடிகிற காரியமா? பதில் எழுதுபவர் தவறு செய்தவருக்காக எழுதுவதாக நினைக்கிறார். உண்மையில் எழுதுவது பார்வையாளர்களுக்கு. திருத்தப்படுபவரும் அவர்களுக்காகவே பதில் சொல்கிறார். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரேண்டல் மன்றோ 2008-ல் வரைந்த ஒரு சின்னப் படம் உலகப் புகழ் பெற்றது. மனைவி படுக்கக் கூப்பிடுகிறாள். இணையத்தில் யாரோ தப்பாகச் சொல்லிவிட்டான் என்று கணவன் கணினியை விட்டு எழ மறுக்கிறான். இந்த நோயை முதலாக வைத்து வியாபாரமே செய்யலாம் என்று சொல்பவர்களும் உண்டு. இணையத்தில் சரியான விடை வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தப்பான விடையைப் போடு, திருத்த ஓடி வருவார்கள் என்ற சூத்திரம் கணினி வல்லுநர் வார்ட் கன்னிங்ஹாம் பெயரில் வழங்குகிறது.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. கண்டனம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று துண்டுப் பிரசுரம் போட்டுச் சண்டையிட்ட சமூகம் இது. 1867-ல் திருவருட்பா அச்சேறியது. 1869-ல் ஆறுமுக நாவலர் அதைப் போலி அருட்பா என்று மறுத்து எழுதினார். விவகாரம் அதே ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. இரு தரப்புச் சீடர்களும் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் விடவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கோபத்துக்குச் செலவு இருந்தது. காகிதம் வாங்க வேண்டும், அச்சுக் கோக்க வேண்டும், மெய்ப்புப் பார்க்க வேண்டும், விநியோகிக்க ஆள் வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். இன்று கோபத்துக்கும் பிரசுரத்துக்கும் நடுவே ஒரு கட்டைவிரல்தான் இருக்கிறது.

புணே நகரத்துக்கோ திருத்துவது ஒரு கலை. 'புணேரி பாட்டி' என்று மகாராஷ்டிரம் முழுக்கப் பிரசித்தம். பாட்டி என்றால் பலகை. மணியை ஒரு முறை அடித்தால் போதும், நாங்கள் செவிடர்கள் அல்ல; கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர், காற்று இறங்கியிருந்தால் நாங்கள் பொறுப்பல்ல; பகல் ஒன்று முதல் நாலு வரை எங்களுக்கும் தூக்கம் வரும் என்ற ரீதியில் வீட்டு வாசலிலும் கடை முகப்பிலும் தொங்கும் நாசூக்கான குத்தல்கள். இவற்றைத் தொகுத்துக் கண்காட்சியே வைக்கிறார்கள். சதாசிவப் பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சொத்தாக இருந்த இந்தக் குணம் இப்போது வானவடி வரை கைபேசியில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் பலகையில் ஒரு நாகரிகம் உண்டு. அது யாரையும் பெயர் சொல்லித் திட்டுவதில்லை. பதிலுக்குப் பதில் எழுத அதில் இடமும் இல்லை.

(இந்த இதழிலும் 'புணே' என்று எழுதியதைப் 'புனே' என்று திருத்தி ஒரு கடிதம் வராமல் போகாது. மராத்தியில் அது டண்ணகரம்தான்.)

வானவடியின் பெருமைக்குரிய இடம் ஷிண்டே சத்ரி. மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டே 1794 பிப்ரவரி 12 அன்று வானவடியில்தான் காலமானார். அவர் நினைவிடமும் அவர் கட்டிய சிவன் கோவிலும் அங்கே இருக்கின்றன. தில்லியில் மொகலாயப் பேரரசர் ஷா ஆலமைத் தன் பாதுகாப்பில் வைத்திருந்த மனிதர் அவர். வட இந்தியாவிலும் ஆங்கிலப் புத்தகங்களிலும் அவர் சிந்தியா. மராத்தியில் ஷிண்டே. எது சரி என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது பானிபட். 1761 ஜனவரி 14 அன்று ஆப்கானிய அகமது ஷா அப்தாலியிடம் மராட்டியர் தோற்ற போர். யாரால் தோற்றோம்? மல்ஹர்ராவ் ஹோல்கர் களத்தை விட்டு விலகியது துரோகமா, தந்திரமா? இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மராத்தி வீடுகளில் இதில் ஆளுக்கொரு கட்சி. இணையத்தில் இந்த வாதம் சீக்கிரமே மதச் சண்டையாக மாறுவதுதான் வேடிக்கை. பானிபட்டில் மராட்டியரின் பீரங்கிப் படையை நடத்தியவர் இப்ராகிம் கான் கார்தி. காலில் வெட்டுப்பட்டு விழுந்துகிடந்த மகாத்ஜியைக் காப்பாற்றியவர் ராணே கான் என்ற பிஸ்தி, அதாவது தோல்பையில் தண்ணீர் சுமப்பவர். தன் மாட்டின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். மகாத்ஜி அவரைச் சகோதரன் என்றே அழைத்து, பின்னாளில் படைத்தலைவராக்கினார். வாதத்தின் நடுவே இதை யாராவது எழுதினால் இரு தரப்பும் ஒரு கணம் தயங்கும். பிறகு தொடரும்.

இப்படிப்பட்ட சண்டைகளுக்கெல்லாம் நிரந்தர மைதானம் விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அதை அழிக்கலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க, அவர் மறுபடி எழுத, இவர் மறுபடி அழிக்க, நிர்வாகிகளுக்குப் பொறுக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் எழுதியதைத் திருப்பினால் தடை விழும் என்று விதி வைத்தார்கள். சண்டை போட வேண்டுமானால் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உள்ள உரையாடல் பக்கத்துக்குப் போக வேண்டும். கட்டுரையைவிட அதன் உரையாடல் பக்கம் நீளமாக இருப்பது அங்கே சகஜம். ஆனால் ஒன்று: ஆதாரம் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அங்கே நெடுநாள் வாதிட முடியாது.

விதியெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். 2025 பிப்ரவரியில் சத்ரபதி சம்பாஜியின் வரலாற்றைச் சொல்லும் 'சாவா' என்ற இந்திப் படம் வெளிவந்தது. படம் பார்த்தவர்கள் விக்கிப்பீடியாவில் தேடினார்கள். அங்கே சம்பாஜியைப் பற்றி ஆட்சேபத்துக்குரிய வரிகள் இருப்பதாகக் கொதித்தார்கள். மகாராஷ்டிர சைபர் போலீஸ் அந்த வரிகளை நீக்கச் சொல்லி விக்கிப்பீடியாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கட்டுரையில் கைவைத்த சில தொகுப்பாளர்கள் மீது வழக்கும் பதிவாயிற்று. 1689-ல் ஔரங்கசீப்பின் ஆணையால் புணே அருகே கொல்லப்பட்ட ஒரு மன்னரைப் பற்றிய சில வாக்கியங்களுக்காக, 2025-ல் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதிய காலம் எவ்வளவோ தேவலை.

வழக்கோடு போனால் பரவாயில்லை. 2014 ஜூன் 2 இரவு, வானவடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹடப்சரில் நடந்தது வேறு. சிவாஜியையும் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் படங்களை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். நகரமெங்கும் பேருந்துகள் உடைபட்டன. அந்தப் பதற்றத்தில், தொழுகை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சோலாப்பூர்க்காரரான ஒரு தகவல் தொழில்நுட்ப இளைஞரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அந்தப் படங்களுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாடியும் குல்லாவுமே போதுமானதாக இருந்தன. 2023 ஜனவரியில் புணே நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை செய்தது. கணினித் திரையில் தொடங்கும் சண்டைக்கு விலை கொடுப்பவர் அந்தத் திரையைப் பார்க்கவே பார்க்காதவராக இருக்கலாம்.

சரி, தவறைச் சுட்டிக்காட்டினால் பலன் உண்டா? அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ட்விட்டரில் பொய்யென்று எப்போதோ நிரூபணமான அரசியல் செய்திகளைப் பகிர்ந்த 2,000 பேரைத் தேர்ந்தெடுத்து, மிக மரியாதையாக, உண்மை இதுதான் என்று இணைப்புடன் பதில் போட்டார்கள். 2021-ல் வெளியான முடிவு திருத்துபவர்களுக்கு உவப்பானதல்ல. திருத்தப்பட்டவர்கள் அடுத்த 24 மணி நேரத்தில் பகிர்ந்தவை முன்னைவிட மட்டமான செய்திகள், முன்னைவிடக் கட்சி சார்ந்தவை, மொழியும் முன்னைவிடக் கடுமை. முன்பின் தெரியாத ஒருவர் பலர் முன்னிலையில் சட்டையைப் பிடித்தால் யாரும் தன் தவறைப் பற்றி யோசிப்பதில்லை. தன் சட்டையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்.

பலித்த திருத்தங்களும் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நல்ல நோக்கம். ஆனால் வேலூருக்குக் கொடுத்த ஆங்கில எழுத்துகளைப் படித்தால் வீலூர் என்றுதான் வாயில் வந்தது. கோயம்புத்தூருக்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் பெருகிப்போயின. தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் இறங்கி வரிசைவரிசையாகப் பிழை எடுத்தார்கள். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அங்கே திருத்தப்பட்டது ஓர் அரசாணை. ஆணைக்குத் தன்மானம் கிடையாது. மனிதர்களைத் திருத்துவது அப்படியல்ல.

திருத்துவதை முறையாகச் செய்த இடம் ஒன்றும் புணேயிலேயே இருக்கிறது. வானவடியிலிருந்து நகரத்தின் மறுகோடியில், 1917-ல் தொடங்கிய பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். மகாபாரதத்தின் சுத்தப் பதிப்பைக் கொண்டுவரும் வேலையை அங்கே 1919-ல் ஆரம்பித்தார்கள். நாடெங்கிலுமிருந்து சாரதா, தேவநாகரி, தெலுங்கு, கிரந்தம், மலையாளம் என்று பல லிபிகளில் 1,259 சுவடிகளைத் திரட்டி வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த வி. எஸ். சுக்தங்கர் 1943-ல் மறைந்தார். வேலை முடியும்போது ஆண்டு 1966. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. இந்தச் சுவடி சரி, மற்றதெல்லாம் தப்பு என்று அவர்கள் எதையும் குப்பையில் போடவில்லை. ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பில் சேர்த்தார்கள். தங்கள் முடிவு தவறென்று நாளை ஒருவர் சொல்ல நினைத்தால், அதற்கு வேண்டிய ஆதாரத்தையும் அதே பக்கத்தின் அடியில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நிறுவனத்துக்குள் 2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் புகுந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லேன் சிவாஜியைப் பற்றி எழுதிய புத்தகத்தின் சில வரிகள் மீது கோபம். புத்தகத்தைப் பதிப்பகம் முந்தைய ஆண்டே இந்தியாவில் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றிருந்தது. லேன் தன் நன்றியுரையில் இந்த நிறுவனத்தாரைக் குறிப்பிட்டிருந்தார் என்பதே குற்றம். அலமாரிகள் கவிழ்ந்தன, நூல்களும் சுவடிகளும் சிதைந்தன. அப்போது வாட்ஸ்அப் கிடையாது, ஃபேஸ்புக்கும் பிறக்கவில்லை. எல்லாப் பழியையும் கைபேசியின் மேல் போடுபவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

பதில் சொல்லாமல் இருப்பது இன்னொரு வழி. 1887-ல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, அதில் பிழைகள் மலிந்திருப்பதாகக் கண்டனங்கள் கிளம்பின. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவருக்கு மனம் கலங்கிப்போயிற்று. சமாதானம் எழுதி எடுத்துக்கொண்டு, தன் நலம் நாடும் பெரியவர் ஒருவரிடம் காட்டப் போனார். அந்தப் பெரியவர் தாளைக் கிழித்துப் போட்டார். இதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் அடுத்த புத்தகம் எப்போது வரும் என்பது அவர் கட்சி. தன் சுயசரிதத்தில் 'கண்டனப் புயல்' என்று தலைப்பிட்டே ஐயர் இந்தக் காலத்தை விவரிக்கிறார். 1889-ல் பத்துப்பாட்டு வந்தது. 1892-ல் சிலப்பதிகாரம் வந்தது. சிந்தாமணியும் 1907-ல் திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு கண்டது.

ஆனால் சிந்தாமணியில் பாடபேதம் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். 2018-ல் நாடெங்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிய குழந்தை கடத்தல் செய்திகள் அப்படியல்ல. அவற்றில் ஒரு வீடியோ, குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு உலவவிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து போன ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் இறந்தார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டம் ராயின்பாடாவில், பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஒரு அறைக்குள் வைத்து அடித்தே கொன்றார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்தச் செய்திகளைப் படித்து, பொய் என்று சந்தேகப்பட்டு, நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டவர்கள் எத்தனை ஊர்களில் எத்தனை பேரோ.

அப்படியானால் எப்படித்தான் சொல்வது? அரசியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பீகாரில் ஒரு பரிசோதனை நடத்தினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆட்கள் பாடம் நடத்தினார்கள். மொத்தத்தில் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பிறகு அவரும் சைமன் ஷொஷாரும் சேர்ந்து வேறொன்றைச் சோதித்தார்கள். ஒரு வாட்ஸ்அப் உரையாடலைப் போலவே அமைத்துக் காட்டினார்கள். ஒருவர் பொய்த் தகவலைப் போடுகிறார். குழுவில் இன்னொருவர் அது சரியில்லை என்கிறார். சிலருக்கு வலுவான ஆதாரத்தோடு கூடிய மறுப்பைக் காட்டினார்கள், சிலருக்குச் சும்மா ஒரு வரியை. பொய்யை நம்புவது குறைந்தது. இதில் வியப்பு என்னவென்றால், ஆதாரம் அடுக்கிய மறுப்புக்கும் ஆதாரமில்லாத ஒற்றை வரிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒற்றை வரி, ஒரு நண்பன் தேநீர்க் கடையில் சொல்வது போன்றது: அது உண்மையா இருக்கும்னு தோணலை, தம்பி.

திருத்தியே தீருவது என்று இருப்பவர்களுக்கு இந்த முடிவு ஏமாற்றமாக இருக்கலாம். இரவெல்லாம் தேடி எடுத்த ஆறு இணைப்புகளும் இரண்டு புத்தகங்களும் வீண். மறுபடியும் மறுபடியும் பதில் சொல்லத் தேவையில்லை. போட்டவர் மனம் மாறவும் தேவையில்லை. பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் அந்த எண்பது பேருக்கு, இதில் சந்தேகம் இருக்கிறது என்று ஒரு தடவை தெரிந்தால் போதும்.

வானவடியின் அந்தக் குழுவில் இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பேஷ்வாக்களைத் தாண்டிப் பானிபட்டுக்கு வந்துவிட்டார்கள். நடுவில் யாரோ, பள்ளிக்கூட வாசலில் பிள்ளை பிடிப்பவர்கள் வெள்ளை வேனில் திரிவதாக எங்கிருந்தோ வந்த செய்தி ஒன்றைத் தட்டிவிடுகிறார். நாலாவது மாடியில் இருக்கும் தமிழ் மாமி, பானிபட் பற்றி ஒரு வரியும் எழுதாதவர், எழுதுகிறார்: "இது பழைய வதந்தி மாதிரி இருக்கே. நம்ம ஸ்டேஷன்ல விசாரிக்காம யாருக்கும் அனுப்ப வேண்டாம்." அதற்குக் கீழே இன்னொரு வரி: "தண்ணி லாரி காலை ஏழு மணிக்கு வரும்." கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்.